பந்து, பாட்டு, படுக்கை நோயாளி: மலப்புரத்து ஊர் கிளப்புகள் நடக்கும் விதம்



ஊரில் இளைஞர்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தால், வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது ரசீதுப் புத்தகம் வீட்டு வாசலுக்கு வரும். கால்பந்துப் போட்டி, பெருநாள் நிகழ்ச்சி, ஆண்டு விழா என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். சிலர் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். சிலர், "படிக்கிற பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வழியில்லாத வீடுகள் இருக்கும்போது மைக் செட்டுக்கும் லைட்டுக்கும் பணமா?" என்று கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. கேட்டவரை மன்றத்துக்கு விரோதி என்று ஒதுக்கிவிடக் கூடாது. விளையாட்டுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் செலவாகிற பணத்தால் ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பதை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரியின் கூடலூரிலிருந்து நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் நிலம்பூர் வந்துவிடும். அது கேரளத்தின் மலப்புரம் மாவட்டம். 1969 ஜூன் 16 அன்று உருவான இந்த மாவட்டத்தில் முஸ்லிம்களே பெரும்பான்மை. பள்ளிவாசல், மதரஸா, வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகள், அவர்கள் அனுப்பும் பணத்தில் எழும்பும் வீடுகள் என்று பார்த்தால் நம் ஊர்களின் சாயல் அங்கே நிறைய உண்டு. அங்குள்ள கிளப்புகள் எப்படி நடக்கின்றன, அவற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது, விட வேண்டியது எது என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

கிளப் என்பது என்ன?

மலையாளத்தில் 'ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்' என்று பலகை மாட்டியிருப்பார்கள். பெரும்பாலும் கடைத்தெருவில் ஒரு மாடி அறை. உள்ளே கேரம் போர்டு, நாளிதழ்கள், சுவரில் கோப்பைகள். பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆனால் முறையாக நடக்கும் கிளப்புக்குப் பின்னால் ஒரு பதிவு இருக்கும். மலபார் பகுதியில் சங்கங்கள் 1860-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவாகின்றன. ஏழு பேர் சேர்ந்தால் போதும். நோக்கம் என்ன, நிர்வாகிகள் யார், பணம் எப்படிக் கையாளப்படும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு 1975-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. இங்கும் குறைந்தது ஏழு பேர் வேண்டும்.

பதிவு என்றதும் பலர் அதை வெறும் காகித வேலை என்று நினைக்கிறார்கள். பதிவு செய்த சங்கம் ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். வரவு செலவை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும். சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்க முடியும். தனி ஒருவருடைய கணக்கில் ஊர்ப் பணம் கிடந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வெளிநாடு போன பிறகோ மௌத்தான பிறகோ பிரச்சினை வரும். அந்தப் பிரச்சினையிலிருந்து அவருடைய பிள்ளைகளையும் காப்பாற்றுவது பதிவுதான்.

கிளப்போடு சேர்ந்தோ தனியாகவோ ஒரு வாசகசாலையும் இருக்கும். கேரளத்தின் நூலக இயக்கம் பழையது. 1945-இல் பி.என். பணிக்கர் திருவிதாங்கூரிலிருந்த 47 நூலகங்களை ஒரு சங்கத்தின் கீழ் சேர்த்தார். அவர் மறைந்த ஜூன் 19-ஐ கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. இன்று ஊர் நூலகங்கள் மாநில நூலகக் கவுன்சிலில் இணைந்து மானியம் பெறுகின்றன. இந்த நூலகங்களில் சிறுவர்களுக்கு பாலவேதி, பெண்களுக்கு வனிதாவேதி, இளைஞர்களுக்கு யுவவேதி, முதியவர்களுக்கு வயோஜனவேதி என்று தனித்தனிப் பிரிவுகள் வைக்கிறார்கள். எல்லோரையும் ஒரே மேடையின் முன் உட்கார வைத்தால் பேசுகிறவர்கள் எப்போதும் அதே நாலு பேராகத்தான் இருப்பார்கள். வயதுக்கும் சூழ்நிலைக்கும் தக்கபடி பிரித்தால், வெட்கப்படுகிற பிள்ளையும் வாய் திறக்கும், முதியவரும் வந்து உட்காருவார்.

செவன்ஸ்: ஒரு மாதத் திருவிழா

மலப்புரம் என்றால் கால்பந்து. அங்கே ஊருக்கு ஊர் பிரபலமாக இருப்பது பதினொரு பேர் ஆடும் ஆட்டமல்ல. ஒரு அணிக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்'. மைதானம் சிறியது, ஆட்டம் வேகம். மழைக்காலம் முடிந்ததும் சீசன் தொடங்கி, அடுத்த மழைக்கு முன்புவரை நடக்கும். அறுவடை முடிந்த வயலைச் சமன்செய்து, மூங்கிலும் பாக்கு மரமும் கொண்டு பார்வையாளர் படிகளைக் கட்டி, விளக்குகள் போட்டால் மைதானம் தயார்.

போட்டியை நடத்துவது ஊர் கிளப். அணிகளை அழைப்பார்கள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பேசிய தொகையைக் கொடுப்பார்கள். சூப்பர் ஸ்டூடியோ மலப்புரம், ஃபிஃபா மஞ்சேரி, அல் மதீனா செர்புளச்சேரி போன்ற அணிகளின் பெயரைச் சொன்னால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு இரவுக்கு ஒரு ஆட்டம் என்று ஒரு மாத அளவுக்குப் போட்டி நீளும். நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், லைபீரியா நாட்டு வீரர்களும் வந்து ஆடுகிறார்கள். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் உள்ளூர் மக்கள் அவர்களை 'சுடானி' என்றுதான் கூப்பிடுவார்கள். 2018-இல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' என்ற மலையாளப் படம் இப்படிப்பட்ட ஒரு அணி மேலாளரின் கதை. அதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூழல் பழக்கமாக இருக்கும். இந்த மாவட்டத்திலிருந்து கொண்டோட்டியின் அனஸ் எடத்தொடிகா, ஆஷிக் குருணியன் போன்றோர் இந்திய அணிவரை போயிருக்கிறார்கள். 2022-இல் சந்தோஷ் டிராபி இறுதிப் போட்டி மஞ்சேரி பையநாடு மைதானத்தில் நடந்தபோது கேரளம் மேற்கு வங்கத்தை பெனால்டியில் வென்றது.

இனி பண விவரத்துக்கு வருவோம். டிக்கெட், கடைக்காரர்கள் கொடுக்கும் விளம்பரம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் உதவி ஆகியவை வரவு. அணிகளுக்கான தொகை, விளக்கு, படிகள், நடுவர், பரிசு ஆகியவை செலவு. மிச்சத்தை என்ன செய்வது என்பதைப் பல கிளப்புகள் போட்டி தொடங்கும் முன்பே நோட்டீஸில் அச்சடித்துவிடுகின்றன. ஊரின் வலி நிவாரண மையத்துக்கு, ஒரு சிறுநீரக நோயாளியின் சிகிச்சைக்கு, வீடில்லாத குடும்பத்துக்கு என்று அதில் இருக்கும். டிக்கெட் வாங்குகிறவர் ஆட்டத்தையும் பார்க்கிறார், அந்தக் காரியத்திலும் பங்கெடுக்கிறார். வசூலுக்கு முன்பே நோக்கத்தைச் சொல்லிவிடுவதால், முடிந்த பிறகு "மிச்சம் எங்கே?" என்று கேட்க ஊருக்கு உரிமை வந்துவிடுகிறது. நாம் பின்பற்ற வேண்டிய முதல் விஷயம் இதுவே.

எச்சரிக்கை இல்லாத விழா ஆபத்து

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது விளக்கம் ஆகாது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் செவன்ஸை அங்கீகரிப்பதில்லை. ஆகவே வீரர்களின் காப்பீடு, மருத்துவ ஏற்பாடு எல்லாம் போட்டியை நடத்துகிறவர்கள் தலையில்தான் விழுகின்றன. 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணாவில் செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே ஆர். தனராஜன் மைதானத்தில் சுருண்டு விழுந்தார், உயிர் பிழைக்கவில்லை. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற பெரிய அணிகளுக்கு ஆடிய பாலக்காட்டு வீரர் அவர். அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்ட 2020 ஜனவரியில் பாலக்காட்டில் ஒரு காட்சிப் போட்டி வைத்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே பார்வையாளர் படி சரிந்து சுமார் ஐம்பது பேர் காயமடைந்தார்கள். 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தின் பூங்கோட்டிலும் தற்காலிகப் படி சரிந்து ஏராளமானோர் காயமுற்றார்கள்.

துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு உதவ என்று நல்ல நிய்யத்தோடு கூடிய கூட்டத்திலும் மரக்கட்டை முறிந்தால் முறிந்ததுதான். நம் ஊரில் மைதானத்தில் படி கட்டினாலும் மண்டபத்தில் மேடை போட்டாலும் இவற்றை முதலில் பார்க்க வேண்டும்: எவ்வளவு பேரை அந்தப் படி தாங்கும், அதற்கு மேல் ஆள் ஏறாமல் தடுக்க யார் நிற்பார், மின் இணைப்பைச் சரிபார்த்தது யார், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், காவல் நிலையத்துக்கும் உள்ளாட்சிக்கும் எழுதிக் கொடுத்தாகிவிட்டதா. இவற்றுக்குப் பதில் இல்லாத விழாவுக்கு நன்கொடை கொடுக்காமல் இருப்பது கஞ்சத்தனம் ஆகாது.

கலை: பிள்ளைகளின் கையில் ஒரு பழைய சொத்து

கிளப்பின் இரண்டாவது வேலை கலை. மலபார் முஸ்லிம்களின் ஒப்பனை, கோல்களி, தஃப் முட்டு, வட்டப்பாட்டு ஆகியவை ஒரு காலத்தில் கல்யாண வீட்டுக்கும் நேர்ச்சைக்கும் உரியவையாக இருந்தன. இன்று அவை கேரளப் பள்ளிக் கலைவிழாவில் போட்டிகளாக இருக்கின்றன. 1957-இல் தொடங்கிய அந்த விழாவில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இந்தக் கலைகளைக் கற்று மேடை ஏறுகிறார்கள். ஒப்பனையில் மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்கும் சிறுமி எந்த வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். கோல் பிடிக்கவும் தாளம் தட்டவும் சொல்லிக்கொடுக்கும் ஆசான்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். பயிற்சிக்கு ஊரில் ஓர் இடம் வேண்டும். பல ஊர்களில் அந்த இடம் கிளப்புதான்.

கொண்டோட்டியில் பிறந்த மொயின்குட்டி வைத்தியர் 1872-இல், இருபது வயதுவாக்கில், 'பத்ருல் முனீர் ஹுஸ்னுல் ஜமால்' என்ற காதல் காவியத்தைப் பாடினார். அவர் பெயரில் மாப்பிளாக் கலைகளுக்கு அரசு அகாடமி ஒன்று கொண்டோட்டியில் இயங்குகிறது. அந்தப் பழைய மாப்பிளாப் பாட்டுகளை அரபு எழுத்தில் மலையாளத்தை எழுதும் அரபி மலையாளத்தில்தான் எழுதினார்கள். அவற்றில் தமிழ்ச் சொற்கள் தாராளமாகக் கலந்திருக்கும். நம் பாட்டிமார் அரபுத் தமிழில் எழுதிப் படித்தது நினைவிருப்பவர்களுக்கு அந்த உறவு புரியும். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் அரபுத் தமிழ்க் கிதாபை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு மன்றம் மாதத்தில் ஒரு மாலை, வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை உட்கார வைத்து நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அதற்கு மேடை வேண்டாம், மைக்கும் வேண்டாம். அதுவும் கலாசார நிகழ்ச்சிதான்.

கேரள அரசின் இளைஞர் நல வாரியம் ஆண்டுதோறும் 'கேரளோத்சவம்' என்ற போட்டியை நடத்துகிறது. முதலில் ஊராட்சி அளவில், பிறகு ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். விளையாட்டும் உண்டு, கலையும் உண்டு. ஊராட்சி அளவில் ஆள் சேர்ப்பதும் நிகழ்ச்சியை நடத்துவதும் உள்ளூர் கிளப்புகளை நம்பியே நடக்கின்றன. இதனால் ஊராட்சித் தலைவரும் கிளப் செயலாளரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள். தெருவிளக்கு எரியவில்லை, ரேஷன் அட்டை வரவில்லை என்றால் யாரிடம் போவது என்று இளைஞர்களுக்கு இருபது வயதிலேயே தெரிந்துவிடுகிறது.

படுக்கையில் இருப்பவரைத் தேடிப் போகும் ஊர்

மலப்புரத்திடம் நாம் கற்க வேண்டியவற்றில் மிகப் பெரியது இனி சொல்லப்போவது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் வலி நிவாரண சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தீராத நோயில் வலியோடு இருப்பவர்களுக்கு வலியைக் குறைப்பதும், கடைசிவரை கண்ணியமாக வாழ உதவுவதும் அதன் வேலை. சில ஆண்டுகளில் ஒன்று புரிந்தது: நோயாளிகள் மருத்துவமனைக்கு வர முடியாத நிலையில் வீட்டில் கிடக்கிறார்கள், அத்தனை வீட்டுக்கும் போக டாக்டர்கள் இல்லை. ஆகவே 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் மலப்புரம் மாவட்டத்தில் அந்த வேலையை அக்கம்பக்கத்து மக்களிடமே கொடுத்தார்கள்.

வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிந்தவர்கள் தொண்டர்களாகச் சேரலாம். பதினாறு மணி நேர வகுப்பும், நான்கு நாள் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சியும் கொடுத்தார்கள். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், மாணவர், வீட்டுப் பெண்கள் என்று பலதரப்பட்டவர்கள் வந்தார்கள். நர்ஸோடு வீடுவீடாகப் போவது, படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது, மருந்து தீர்ந்தால் வாங்கிக்கொடுப்பது, சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்ட வீட்டுக்கு அரிசியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஏற்பாடு செய்வது எல்லாம் அவர்கள் வேலை. வெறுமனே உட்கார்ந்து பேசிவிட்டு வருவதும் வேலைதான். மாதக்கணக்கில் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடக்கும் மனிதருக்கு மருந்தைவிடப் பேச்சுத்துணை பெரிதாக இருக்கும் நாட்களும் உண்டு.

செலவுக்குப் பணம் பெரும்பாலும் ஊர் மக்களின் சிறுதொகைகளிலிருந்தே வந்தது. கடைகளில் உண்டியல், மாணவர்களின் சேமிப்பு, கிளப்பின் போட்டி வருமானம் எல்லாம் அதில் சேர்ந்தன. 2008-இல் கேரள அரசு வலி நிவாரணத்துக்குத் தனிக் கொள்கை அறிவித்தது. உள்ளாட்சிகள் நர்ஸ்களை நியமித்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. ஜனவரி 15-ஐ அங்கே வலி நிவாரண தினமாக அனுசரிக்கிறார்கள். உலகின் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் வந்து இந்த முறையைப் பார்த்துப் போகிறார்கள்.

கிளப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு மாதம் இரவெல்லாம் மைதானத்தில் டிக்கெட் கிழித்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, கணக்கு எழுதிப் பழகிய இளைஞர்களுக்கு ஊரின் ஒவ்வொரு வீடும் தெரியும். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், எந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை, எந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் நுழையாது என்பது அவர்களுக்கு மனப்பாடம். சேவைக்கு ஆள் வேண்டும் என்று திடீரென அறிவித்தால் யாரும் வரமாட்டார்கள். ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்து பழகியவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். ஆட்டமும் பாட்டும் அந்தப் பழக்கத்தை உண்டாக்குகின்றன. "விளையாட்டுக்கா பணம்?" என்ற கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: அந்தப் பழக்கம் சேவையில் போய் முடிந்தால் கொடுங்கள், கோப்பையோடு முடிந்துவிட்டால் யோசியுங்கள்.

ஆபத்து வந்த நாட்கள்

பழகிய ஊர் ஆபத்து நேரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு மலப்புரத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் சோதனை வந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு வந்து மக்களை மீட்டார்கள். தானூர் போன்ற மலப்புரம் கடற்கரை ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்று நிலம்பூர் அருகே கவளப்பாறையில் மலை சரிந்து 59 பேர் மாண்டார்கள். உடல்களைப் பரிசோதனைக்குத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவது கடினமாக இருந்தது. அப்போது போத்துகல்லு பள்ளிவாசல் நிர்வாகம் தொழுகைக் கூடத்தின் ஒரு பகுதியைத் திறந்து கொடுத்தது. மதரஸாவின் மேசை பெஞ்சுகள் பரிசோதனை மேசைகளாயின. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பேதமில்லாமல் இறந்தவர்களின் உடல்கள் அங்கே மரியாதையோடு கையாளப்பட்டன.

2020 ஆகஸ்ட் 7 இரவு, கொட்டும் மழையில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கரிப்பூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். கொரோனா கட்டுப்பாடு இருந்த பகுதி அது. ஆனாலும் கொண்டோட்டி மக்கள் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கித் தங்கள் கார்களிலும் ஆட்டோக்களிலும் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். இரவோடு இரவாக ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். பிறகு தங்களைத் தனிமைப்படுத்திக்கொண்டார்கள். அன்று அவர்கள் எந்த கிளப்பின் பெயரிலும் ஓடவில்லை. ஆனால் கூப்பிட்டால் ஓடிவருகிற பழக்கம் ஒரே நாளில் வருவதல்ல.

பெண்கள் எங்கே?

செவன்ஸ் மைதானத்தின் படிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இது அந்தக் கிளப்புகளின் குறை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வலி நிவாரணத் தொண்டர்களில் பெண்கள் ஏராளம். நோயாளி பெண்ணாக இருக்கும் வீட்டில் அவர்கள் இல்லாமல் எதுவும் நடக்காது. குடும்பஸ்ரீ என்ற பெண்கள் இயக்கம் 1998 மே 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டதும் மலப்புரத்தில்தான். பத்திலிருந்து இருபது வரை பெண்கள் ஓர் அக்கம்பக்கக் குழுவாக வாரந்தோறும் கூடிச் சேமிக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள்.

நம் ஊர் மன்றங்களில் பெண்களுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஆண்டு விழாவில் பின்வரிசை நாற்காலிதான். மக்ரிபுக்கு முன் முடிகிற மாதிரி பகல் நேர நிகழ்ச்சி, பெண்களே நடத்தும் மருத்துவ ஆலோசனை, கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்ப முகாம் என்று தொடங்கினால் தயங்கும் வீடுகளும் அனுப்பும். நேரத்தையும் இடத்தையும் அவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊரில் எப்படித் தொடங்குவது?

முதலில் பணத்தைப் பிரித்து வையுங்கள். ஜகாத் யாருக்கு உரியது என்பதை குர்ஆன் 9:60 எட்டு வகையாகச் சொல்லியிருக்கிறது. கோப்பையும் மேடையும் விளக்கும் அந்த எட்டில் இல்லை. ஆகவே ஜகாத் தொகையை மன்றத்தின் பொதுக் கணக்கில் போடக் கூடாது. அதே மன்றம் ஏழை நோயாளிக்கு உதவி செய்கிறது என்றால், அதற்குத் தனிக் கணக்கு, தனி ரசீது வேண்டும். உரியவருக்கு அது போய்ச் சேர்ந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரமும் வேண்டும். சந்தேகம் இருந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கும் கலைக்கும் கொடுப்பது நம் சொந்த விருப்ப நன்கொடை. அதுவும் கொடுக்கத் தக்கதுதான். ஆனால் இரண்டையும் ஒரே உண்டியலில் போடாதீர்கள்.

அடுத்து, நன்கொடை கேட்டு வருகிற பிள்ளைகளிடம் கோபமில்லாமல் நாலு கேள்வி கேளுங்கள். மன்றம் பதிவாகியிருக்கிறதா? போன வருடக் கணக்கு எங்கே? மிச்சப் பணம் எந்தக் காரியத்துக்கு? இந்த நிகழ்ச்சி முடிந்த மறுநாள் மன்றம் என்ன செய்யப் போகிறது? முதல் மூன்றுக்கும் பதில் காகிதத்தில் இருக்க வேண்டும். நாலாவதுக்குப் பதில் அவர்கள் முகத்தில் தெரியும்.

ரத்ததான முகாம் நல்ல தொடக்கம். 18 முதல் 65 வயதுவரை உள்ள, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள, உடல்நலமுள்ளவர்கள் டாக்டரின் பரிசோதனைக்குப் பின் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்க முடியும். முகாம் முடிந்ததும் ரத்த வகையோடு ஒரு தொலைபேசிப் பட்டியல் தயாரித்து, பள்ளிவாசலிலும் மருந்துக் கடையிலும் ஒரு பிரதி வைத்தால், நள்ளிரவில் பிரசவ வார்டிலிருந்து வரும் அழைப்புக்கு அது உதவும்.

வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு நம் மாநிலத்திலும் அரசு ஏற்பாடு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் ஆள் வருவார்கள். ஆனால் படுத்திருப்பவர் எழுந்து போய்ப் பெயர் கொடுக்க முடியாது. வயதான மனைவியோ தனியாக இருக்கும் மருமகளோ அலைய முடியாது. அந்த ஒரு வேலையை மன்றத்துப் பிள்ளைகள் செய்தால் போதும், மீதியை அரசு ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த போட்டிக்கோ விழாவுக்கோ கூட்டம் போடும்போது, அதே கூட்டத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தெரு தெருவாக எழுந்து நடக்க முடியாதவர்களின் பெயர்களை எழுதுங்கள். எந்த மதத்தவர் என்று பார்க்க வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வாரத்தில் ஒரு நாள் அங்கே போய்வரச் சம்மதிக்கும் இருவரின் பெயரை எழுதுங்கள். பெண் நோயாளி என்றால் இருவரும் பெண்களாக இருக்கட்டும். எதிரே பெயர் இல்லாத வரி ஒன்றுகூட இல்லாதபடி அந்தப் பக்கம் நிறைந்தால், இன்ஷா அல்லாஹ், விழாவுக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள்.